"தேர்வாகிவிட்டீர்கள்" என்ற கடிதமும் 1,450 டாலர் கட்டணமும்

கேள்வி: என் மகள் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வயது 19. ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகள் பற்றி நியூயார்க்கில் நடக்கும் இளைஞர் தலைமைத்துவ மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகத் தேர்வாகியிருப்பதாக அவளுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. 4 நாள் நிகழ்ச்சிக்குக் கட்டணம் 1,450 டாலர். விமான டிக்கெட் தனி. வெள்ளிக்கிழமைக்குள் பாதித் தொகையைக் கட்ட வேண்டுமாம். விசா வாங்கித் தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்கிறேன். அனுப்பலாமா? வேலைக்கும் மேற்படிப்புக்கும் உதவுமா?

பதில்: வெள்ளிக்கிழமை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். விசா வாங்கித் தருகிறேன் என்பவரிடம் மகளின் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். இந்த இரண்டையும் முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கடித நகலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இடது ஓரத்தில் பல வண்ணச் சக்கரம் ஒன்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகளின் அடையாளம் அது. வறுமை ஒழிப்பு, கல்வி, குடிநீர் என்று இலக்குக்கு ஒரு நிறம். விழிப்புணர்வுக்காக எவரும் அதை அச்சிடலாம், பள்ளிச் சுவரில் வரையலாம். ஐ.நா.வின் சொந்தச் சின்னம் வேறு. உலக வரைபடத்தின் இருபுறமும் ஒலிவக் கிளைகள் வளைந்திருக்கும். அதை அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று பொதுச்சபை 1946லேயே தீர்மானம் போட்டிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தச் சின்னம் இல்லை. தெரிந்தேதான் தவிர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கடிதத்தில் மகளின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், சற்றுப் பெரிதாக, வரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்பதைக் கவனித்தீர்களா? எல்லாருக்கும் அடித்த ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் செருகியதன் அடையாளம் அது. அனுப்பியவரின் முகவரியையும் பாருங்கள். 'யுஎன்' என்ற எழுத்துகளோடு ஒரு சிறுகோடும் வேறு இரண்டு சொற்களும் ஒட்டி, '.ஆர்க்' என்று முடிகிறது. அப்படி ஒரு முகவரியைச் சில நூறு ரூபாய் கொடுத்து யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். ஐ.நா. தலைமையகத்தின் முகவரி 'யுஎன்.ஆர்க்'. 'யுஎன்' என்பதற்கும் புள்ளிக்கும் நடுவில் எதுவும் வராது.

இளைஞர்களுக்காக ஐ.நா. நடத்தும் கூட்டம் ஒன்று உண்டு. அதன் பொருளாதார, சமூக மன்றம் 2012 முதல் ஆண்டுதோறும் நியூயார்க்கில் இளைஞர் மன்றத்தைக் கூட்டுகிறது. அரசுகள் வழியாகவும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாகவும் அதற்குப் போகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே நடப்பதை ஐ.நா.வின் இணையத் தொலைக்காட்சியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் மகளுக்கு வந்திருப்பது அந்த அழைப்பு அல்ல. "ஐ.நா. தலைமையகத்தில் ஒரு நாள்" என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்களே, அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க எந்தப் பயணியும் டிக்கெட் வாங்கலாம். மீதி மூன்று நாளும் ஓட்டல் அரங்கில்தான்.

கட்டணம் வாங்குகிறார்கள் என்பதாலேயே ஒரு நிகழ்ச்சியை மோசடி என்று சொல்லிவிட முடியாது. இதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மாணவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களே மாதிரி ஐ.நா. கூட்டம் நடத்துகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து, அந்த நாட்டின் நிலைப்பாட்டைப் படித்து, வாதாடி, தீர்மானம் எழுதுவார்கள். மிக நல்ல பயிற்சி. அதற்கும் கட்டணம் உண்டு, ஏனென்றால் அரங்குக்கும் சாப்பாட்டுக்கும் யாராவது பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் "இது மாதிரிக் கூட்டம், நடத்துவது நாங்கள், கட்டணம் இவ்வளவு" என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். "நீங்கள் இந்தியாவின் பிரதிநிதி" என்று சொல்ல மாட்டார்கள். நாட்டின் பிரதிநிதியை நியமிப்பது அரசின் வேலை. எனவே கேட்க வேண்டியது இதுதான்: பணம் எதற்கு, யாருக்கு, போக முடியாவிட்டால் திரும்ப வருமா? உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறது. ஒழுங்காக நடத்துகிறவர்களும் சிலசமயம் இப்படி எழுதுவதுண்டு. அப்போதும் விசா கைக்கு வரும்வரை பணம் கட்டக் கூடாது.

அந்த 40,000 ரூபாய்க்கு வருகிறேன். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத இடம் இது. அமெரிக்கச் சுற்றுலா, வணிகப் பயண விசாவுக்குத் தூதரகம் வாங்கும் விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்புவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நேர்காணலுக்கு உங்கள் மகள்தான் போக வேண்டும், ஏஜென்ட் உள்ளே வர முடியாது. "தூதரகத்தில் ஆள் இருக்கிறது" என்பது பச்சைப் பொய். விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் அந்த நாட்டுச் சட்டம் அதிகாரியை முதலில் எண்ணச் சொல்கிறது. திரும்பி வருவேன் என்று காட்டுவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. அழைப்புக் கடிதம் அதற்கு ஈடாகாது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு ஏஜென்ட் விண்ணப்பம் நிரப்பினார். தீப்பெட்டி ஆலையில் கூலிக்குப் போகும் அப்பாவை "தொழிலதிபர்" என்று எழுதிவிட்டார். நேர்காணலில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விண்ணப்பத்தில் பொய் இருப்பது தெரிந்தால் வாழ்நாள் தடைவரை போகும் என்பதை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. அவளுடைய அம்மா கம்மலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது.

வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்காணலில் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "அங்கே போய் நீ என்ன செய்தாய்?" என்றுதான் கேட்பார்கள். நான்கு நாள் உரை கேட்டேன் என்பதை வைத்து ஒரு நிமிடத்துக்கு மேல் பேச முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அப்படித்தான்.

இதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டணமில்லாத வாய்ப்புகள் பற்றிய சுற்றறிக்கைகள் கல்லூரிகளுக்கு வருகின்றன. அலுவலகக் கோப்பில் கிடக்கின்றன. கடைசித் தேதி முடிந்தபின் அறிவிப்புப் பலகைக்கு வருகின்றன. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான் இருந்த காலத்தில் இதற்காக எத்தனை முறை சண்டை போட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அதே கல்லூரிகளில் ஏஜென்டுகளுக்குக் கருத்தரங்கக் கூடத்தைத் திறந்துவிடுகிறார்கள். பிள்ளை வெளிநாடு போனால் கல்லூரி வாசலில் பேனர் கட்டுகிறார்கள், கடன் மட்டும் வீட்டில் தங்குகிறது.

உங்கள் மகளை மத்திய அரசின் 'மை பாரத்' தளத்தில் இன்று பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தத் தளம் வழியாக ஆள் எடுத்து 2025 ஜனவரியில் டெல்லி பாரத் மண்டபத்தில் இளம் தலைவர்கள் கலந்துரையாடல் நடந்தது. வினாடி வினா, கட்டுரை, மாநில அளவில் நேரடி விளக்கம் என்று ஒவ்வொரு சுற்றாக வடிகட்டித்தான் ஆள் எடுத்தார்கள். தேர்வு என்றால் அப்படி இருக்க வேண்டும். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணிகளும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம், பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் ஊரிலேயே தொடங்கவும் வழியிருக்கிறது. ஆறாவது இலக்கு குடிநீரும் சுகாதாரமும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கூடும். உங்கள் தெருக் குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை குடம் வருகிறது என்று மகள் இரண்டு மாதம் குறித்துவைத்து, அந்தச் சபையில் எழுந்து கேட்கட்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுத அதுவே போதுமான விஷயம். சொல்ல நிறைய இருக்கும்.

குழுக் கடனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்திருந்து அவர் தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். இணையத்தில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். மகளுக்குப் பாஸ்போர்ட் மட்டும் இப்போதே எடுத்துவையுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். அரசுத் தளத்தில் அவளே விண்ணப்பிக்கட்டும்.