இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால்

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி கருப்பனுக்கு ஏழு மாதம். போன வாரம் இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினான், நாலு நாளில் தானாகச் சரியானது. இப்போது வலது பின்னங்கால். எங்கேயும் விழவில்லை, வீக்கமும் இல்லை. கால்சியம் பத்தவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் பாக்கெட் தீனியோடு தினமும் இரண்டு மூடி டானிக் கொடுக்கிறேன். வலிக்கு நாங்கள் போடும் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
- வாசகி, சேலம்

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். நாம் சாதாரணமாகப் போடும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது, எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவார்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு வரும் எலும்பு வலி போலத்தான் தெரிகிறது. பேனோஸ்டியைட்டிஸ் என்று பெயர். பெரும்பாலும் 5 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் வரும், ஷெப்பர்டுக்குத்தான் அதிகம். மூட்டில் இல்லாமல் நீண்ட எலும்பின் நடுப்பகுதியில் வலிக்கும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே வீல் என்று கத்திக் காலை இழுத்துக்கொள்ளும். (நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம், கடி வாங்குவீர்கள்.) ஒரு காலில் சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டு அடுத்த காலுக்குத் தாவும். வளர்ந்து முடிந்ததும் போய்விடும்.

டானிக்கை இன்றே நிறுத்துங்கள். பாக்கெட் தீனியில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. சின்னக் குட்டியின் குடலுக்கு மிஞ்சியதைத் தள்ளிவிடத் தெரியாது, நாம் ஊற்ற ஊற்ற உள்ளே சேர்ந்து எலும்பு வளர்ச்சியே கோணிப்போகும். அதற்காகப் பால் சோறும் எலும்பில்லாத கோழியும் மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் சந்தோஷப்பட வேண்டாம், அந்தக் குட்டிகளுக்கு நிஜமாகவே கால்சியம் குறைந்து கால் வளையும். அவர்கள் எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். கருப்பனுக்குப் பையில் 'பெரிய இனக் குட்டிகளுக்கு' என்று போட்ட தீனி போதும், அதையும் அளந்து வையுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழுகொழுவென்று இருந்தால் அழகுதான், ஆனால் அந்த எடையை அந்தக் கால்கள்தானே சுமக்க வேண்டும்!

வலிக்கிற நாட்களில் சங்கிலி போட்டு வெளிக்குக் கூட்டிப்போய் வந்தால் போதும். ஸ்கூட்டர் பின்னால் ஓடவிடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டைல்ஸ் தரையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் விரிந்து வழுக்குகிறதா பாருங்கள், படுக்கிற இடத்தில் இரண்டு சாக்கை விரித்துவிட்டால் நகம் பிடித்து எழுந்துகொள்ளும்.

இவ்வளவு சொன்னாலும் டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் இப்படிக் கால் மாற்றி மாற்றி நொண்ட வைக்கும். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். காய்ச்சல், ஈறு வெளுப்பு இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீங்கிச் சுட்டு, குட்டி எழுந்திருக்கவே மறுத்தால் அது வேறு நோய், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: என் லேப்ரடாருக்கு ஆறாவது மாதத்தில் இந்த வலி வந்து போனது. இப்போது இரண்டரை வயது, காலையில் எழும்போது மறுபடி நொண்டுகிறது. பழைய வலிதானா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. அந்த வலி தழும்பு வைக்காமல் போகிற ரகம், இந்த வயதில் பெரும்பாலும் திரும்பாது. தூங்கி எழுந்ததும் விறைப்பு, நாலடி நடந்ததும் சரியாகிறது என்றால் இடுப்பு அல்லது முழங்கை மூட்டில்தான் சந்தேகம். எக்ஸ்-ரே எடுங்கள், எடுப்பதற்கு முன் எடையையும் பார்த்துவிடுங்கள்.