ஸ்ட்ரிங்கைத் திருப்பும் ரிகர்ஷன்

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) தலைகீழாக்க, லூப் இல்லாமல் ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் முறையில்) எழுதினேன். சின்னச் சொற்களுக்குச் சரியாக வருகிறது. ஒரு பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் பிழை காட்டி நிற்கிறது. ஏன்?

பதில்: முதல் எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத் திருப்பி, கடைசியில் அந்த எழுத்தை ஒட்டியிருப்பீர்கள். '1234' கொடுத்தால் '234', '34', '4', வெற்று ஸ்ட்ரிங் என்று போய், மொத்தம் 5 அழைப்புகள். எழுத்துக்கு ஓர் அழைப்பு என்பதால் ஆழம், அதாவது முடியாமல் ஒன்றுக்குள் ஒன்றாகக் காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை, கூடிக்கொண்டே போகும். அதற்குப் பைத்தானின் வழக்கமான வரம்பு 1000; உங்கள் கட்டுரை அதைத் தாண்டுவதால்தான் பிழை. வரம்பை உயர்த்த வழி இருக்கிறது, ஆனால் அளவு மீறினால் பிழைச் செய்திகூட வராமல் நிரலே சரிந்துவிடலாம்.

நகல் செலவும் உண்டு. மீதியை வெட்டும் ஒவ்வொரு முறையும் புது ஸ்ட்ரிங் உருவாகிறது. 1000 எழுத்துக்கு, வெட்டுவதில் மட்டும் 4,99,500 எழுத்துகள் நகலாகின்றன.

ஆழத்தைக் குறைக்க, ஸ்ட்ரிங்கைப் பாதியாகப் பிரியுங்கள். பின்பாதியைத் திருப்பி, அதன்பின் திருப்பிய முன்பாதியை ஒட்டுங்கள். 1000 எழுத்துக்கு ஆழம் பத்துப் பதினொன்றைத் தாண்டாது. ஒன்றில் மட்டும் கவனம்: நிறுத்த நிபந்தனை 'நீளம் 1 அல்லது அதற்குக் கீழ்' என்றிருக்க வேண்டும். 'வெற்று' என்று மட்டும் வைத்தால், ஓரெழுத்து ஸ்ட்ரிங்கின் ஒரு பாதி வெற்று, மறு பாதி அதே எழுத்து, முடிவே வராது.

உண்மையில், வெறுமனே திருப்புவதற்கு லூப்பே மேல். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வரும் கோவையைப் பிரிப்பது, எழுத்துகளை எல்லா வரிசையிலும் மாற்றி அடுக்குவது போன்ற வேலைகளில்தான் ரிகர்ஷனுக்கு மவுசு.

கேள்வி: என் ஃபங்ஷன் ஸ்ட்ரிங்குக்குப் பதில் 'நன்' (None, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) என்று தருகிறதே?

பதில்: தன்னை அழைக்கும் வரியில் 'ரிட்டர்ன்' விட்டுப்போயிருக்கும். உள்ளே கிடைத்த விடை வெளியே வருவதில்லை.

கேள்வி: 'தமிழ்' என்று கொடுத்தால் புள்ளி முதலில் வந்து நிற்கிறது. ரிகர்ஷனில் தவறா?

பதில்: இல்லை, லூப்பிலும் இதே கதிதான். கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. திருப்பினால் புள்ளி அநாதையாக முன்னே நிற்கும். மகரத்தின் இகரக் குறி ழகரத்தோடு ஒட்டி 'ழி' ஆகிவிடும். முதலில் ஸ்ட்ரிங்கை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பட்டியலாக்குங்கள்: உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு சேருங்கள். பிறகு பட்டியலைத் திருப்பினால் 'ழ்மித' கிடைக்கும். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் இந்த விதிக்குள் அடங்காது, இரண்டாக உடைந்துவிடும். அவற்றுக்குத் தனி நிபந்தனை எழுதுங்கள்.