கேளுங்க சிஸ்டர்: ஹமாமுக்குப் போகும் முன்

போன இதழில் மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது பற்றி எழுதியபோது, தங்கையோடு இஸ்தான்புல் போய், ஹமாம் என்கிற பொதுக் குளியலகத்தில் துருக்கிக் குளியல் குளித்ததை ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தேன். ஒத்தடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதம் எல்லாம் குளியலைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் அதற்கே.

*

சிஸ்டர், என் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். டிசம்பரில் என்னையும் அவள் அப்பாவையும் இஸ்தான்புல் கூட்டிப்போகிறாளாம். அங்கே ஹமாமுக்கும் பதிவு செய்துவிட்டாள். துணி இல்லாமல் குளிக்க வேண்டும் என்கிறார்களே? கிளியூர் அருவியிலேயே புடவையோடு நின்றவள் நான்.
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

முதலில் பாதி பயத்தைக் குறைத்துவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் உங்கள் கண்ணிலேயே பட மாட்டார். பழைய ஹமாம்களில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஹாகியா சோபியா என்ற பழம்பெரும் மசூதிக்கு எதிரில் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெம் பெயரில் ஒரு ஹமாம் இருக்கிறது. 1556-ல் மிமார் சினான் என்ற அரண்மனைக் கட்டடக் கலைஞர் கட்டியது. ஒரே நேர்கோட்டில், முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இரண்டு குளியலகங்கள், மொத்தம் 75 மீட்டர் நீளம். அதே சினான் தோப்ஹானே பகுதியில் கட்டிய கிலிச் அலி பாஷா ஹமாமில் கூடம் ஒன்றுதான். அங்கே பகலில் பெண்கள், சாயங்காலத்துக்கு மேல் ஆண்கள். பெண்கள் பக்கத்தில் குளிப்பாட்டுவதும் பெண்தான். அவரை நாத்திர் என்கிறார்கள், ஆண்கள் பக்கத்தில் இருப்பவர் தெல்லாக்.

இப்போது துணி விஷயம். உள்ளே போனதும் பெஷ்டமால் என்று ஒரு மெல்லிய பருத்தித் துணி தருவார்கள். கட்டமும் கோடுமாக, அம்மாப்பேட்டைத் தறியில் நெய்தது என்று சொன்னால் நம்பிவிடலாம். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடக்க வேண்டும். ஆண்கள் அதை இடுப்பிலிருந்து எடுக்கவே கூடாது, அது அங்கே கண்டிப்பான மரியாதை. பெண்கள் பக்கத்தில் கொஞ்சம் தளர்வு: உள்ளூர்ப் பெண்கள் பலர் கீழ் உள்ளாடை மட்டும் போட்டுக்கொண்டு, பெஷ்டமாலைக் கல்லின்மேல் விரித்துப் படுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் நீச்சல் உடை போட்டுக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எது போட்டாலும் சரி, மாற்று உள்ளாடை ஒரு செட் பையில் இருக்கட்டும். ஈரத்தோடு டிசம்பர் குளிரில் வெளியே வந்தால் அப்புறம் மகள்தான் மருந்துக்கடை தேடி அலைய வேண்டும்.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனை வார்டில் எழுந்து உட்கார முடியாதவர்களைப் படுக்கையிலேயே துடைத்துக் குளிப்பாட்டியவள் நான். அந்த வேலை செய்கிறவளுக்கு, முதுகில் படுக்கைப்புண் கிளம்புகிறதா, குதிகால் சிவந்திருக்கிறதா என்பதுதான் கண்ணில் படும். வயிறு தொங்குகிறதா என்று பார்க்க நேரம் ஏது? அந்த நாத்திர் அம்மாவும் அப்படித்தான். அடுத்த ஆள் காத்திருப்பாள், அவருக்குக் கை ஓடிக்கொண்டே இருக்கும்.

என் தங்கைக்கு வெட்கம்தான் பிரச்சினை, ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. எனக்குச் சும்மா படுத்திருப்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அந்த அம்மா கேட்கும் முன்பே நான் கையைத் தூக்கிக் கொடுப்பேன், திரும்பிப் படுக்கப் பார்ப்பேன். அவர் என் கையைத் தட்டிக் கீழே வைத்துவிட்டார். நோயாளிகளிடம் ‘நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று நான் அதட்டியது எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் தலை தேய்த்துவிட்டே பழகிய பெண்களுக்கு இது வராது. நீங்களும் அந்த ரகமாகத்தான் இருப்பீர்கள். கையைத் தளரவிட்டுப் படுங்கள்.

*

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவியோடு துருக்கி டூர் போகிறோம். நான் இடுப்பில் வெள்ளி அரைஞாண் போட்டிருப்பவன். அவள் தாலி, கொலுசு, மெட்டி எதையும் கழற்ற மாட்டாள். எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. போகலாமா?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

வெள்ளி சூட்டை எவ்வளவு வேகமாக வாங்கும் என்று பட்டறைக்காரருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஹமாமின் நடுவில் பெரிய பளிங்கு மேடை இருக்கும், கோபெக் தாஷி என்பார்கள். கீழே உலை எரியும். அந்தச் சூட்டுக் காற்றும் புகையும் தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் ஓடி மேடையைச் சூடாக்கும். ரோமானியர் காலத்து ஏற்பாடு அது. அந்தக் கல்லின்மேல் அரைஞாணோடு மல்லாந்து படுத்தால் இடுப்பைச் சுற்றிச் சுரீர் என்று சுடும். கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள்.

தாலிக்கு எங்கள் ஆபரேஷன் தியேட்டர் வழி இருக்கிறது. சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்வோம். யாருக்கும் மனக்குறை வந்ததில்லை. அங்கே உடம்பு தேய்க்கும் கெசே என்ற கையுறை சொரசொரப்பானது, சங்கிலிக் கொக்கியில் மாட்டினால் சங்கிலி போகும் அல்லது தோல் போகும். மெட்டி இருந்துவிட்டுப் போகட்டும். கொலுசு வேண்டாம், வழுக்குகிற ஈரப் பளிங்கில் மரக்கட்டைச் செருப்போடு நடக்கும்போது அது ஒரு தொல்லை.

சர்க்கரைதான் எனக்குக் கவலை. பாதத்தில் மதமதப்பு, எரிச்சல் இருக்கிறதா? இருந்தால் கல் சுடுவது உங்களுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உணர்ச்சி நன்றாக இருந்தால் போகலாம். செருப்பைக் கழற்றாதீர்கள், கல்லில் கால் வைக்கும் இடத்தில் துணியை மடித்துப் போடுங்கள், இன்சுலின் போடுகிறவர் என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். சூட்டில் மருந்து சீக்கிரம் இறங்கிச் சர்க்கரை தாழ்ந்துவிடும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோய்க்காரர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் போகவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் நாள் ஷேவிங், வாக்ஸிங் செய்த தோலில் கெசே பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம் என நினைக்கிறேன். படுத்திருந்தவர் சட்டென்று எழக்கூடாது, உட்கார்ந்து நிதானித்து எழ வேண்டும்.

*

சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பரம்பரை நாம். பீர்க்கங்காய் நாரும் சீயக்காயும் இருக்கும்போது கடல் கடந்து போய்க் காசு கொடுத்து முதுகு தேய்த்துக்கொள்வது வீண் ஆடம்பரம் இல்லையா?
– ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மாப்பேட்டை

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது வேறு இது வேறு. நாம் எண்ணெயைத் தோலில் ஏற்றிவிட்டுச் சீயக்காயால் எடுக்கிறோம். அங்கே எண்ணெயும் கிடையாது, முதலில் சோப்பும் கிடையாது. வெதுவெதுப்பான அறையில் கொஞ்ச நேரம், அப்புறம் சூட்டு அறையில் கல்மேல் பதினைந்து இருபது நிமிடம். வியர்த்துத் தோல் ஊறியதும் வெறும் கெசேயால் நீளவாக்கில் இழுத்துத் தேய்க்கிறார்கள். செத்த தோல் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வரும். அந்த நாத்திர் அம்மா என் கையில் திரண்டதை எனக்கே காட்டினார், ஏதோ நான் ஜென்மத்தில் குளிக்காதவள் மாதிரி. தினமும் இரண்டு வேளை குளிக்கிறவள் நான்! வலித்தால் ‘யவாஷ்’ என்று சொல்லுங்கள், மெல்லத் தேய்ப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் சோப்பு. தலையணை உறை போல ஒரு துணிப்பையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, காற்றை உள்ளே பிடித்து, வழித்து இறக்குவார்கள். கழுத்து முதல் கால் வரை நுரை மூடிவிடும். நுரைக்குள் கை மட்டும் ஓடும், ஆள் தெரியாது. முதல் கேள்வி கேட்ட அம்மாவுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. தொட்டியில் இறங்கி ஊறும் பழக்கம் அங்கே இல்லை. ஓடுகிற தண்ணீர்தான் சுத்தம் என்பது அவர்கள் கணக்கு. சுவரோரம் குர்னா என்ற பளிங்குத் தொட்டிகள் இருக்கும். பழைய குர்னாக்களில் அடியில் துளையே கிடையாது. நிரம்பி வழிய வேண்டியதுதான். அதிலிருந்து சொம்பு மாதிரி ஒரு கிண்ணத்தில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். சோப்புக் கையை அதற்குள் விடுவது அங்கே பெரிய அநாகரிகம். நம் வீட்டுப் பாட்டிகள் அண்டாவுக்குள் கை விட்டால் திட்டுவார்களே, அதே சட்டம்தான்.

இப்படி வழியவிட்டால் தண்ணீர் எவ்வளவு செலவாகும் என்று கேட்பீர்கள். மேட்டூர் தண்ணீர் எப்போது குழாயில் வரும் என்று குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்த சேலத்துக்காரர் வேறு எதைக் கேட்பார்? அவர்களுக்கும் அந்தத் தலைவலி வந்தது. தண்ணீரும் விறகும் கட்டுப்படியாகவில்லை என்று 1768-ல் சுல்தான் மூன்றாம் முஸ்தபா இஸ்தான்புல்லில் புதிதாகப் பெரிய ஹமாம் கட்டுவதற்கே தடை போட்டுவிட்டார். 1741-ல் திறந்த ஜாலோலு ஹமாம்தான் அந்த நகரத்தின் கடைசிப் பெரிய ஹமாம்களில் ஒன்று. ஹாகியா சோபியாவில் அமைத்த நூலகத்தின் செலவுக்கு வருமானம் வர வேண்டும் என்று சுல்தான் முதலாம் மஹ்மூத் அதைக் கட்டினார். ஊரார் குளித்த காசில் நூலகம் நடந்திருக்கிறது. ஆசிரியரான நீங்கள் அதையும் ஆடம்பரம் என்பீர்களா?

பீர்க்கங்காய் நார் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கதவை மூடி, வெந்நீர் ஆவியில் நன்றாக ஊறிய பிறகு, சோப்பு போடும் முன் தேய்க்க வேண்டும். மாதம் இரண்டு முறை போதும். காய்ந்த உடம்பில் தேய்த்துக் கீறிக்கொண்டு என்னிடம் கடிதம் எழுதாதீர்கள்.

*

திருமணமாகி மூன்று மாதம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம். ஹனிமூன் இப்போதுதான் போகிறோம். இருவரும் சேர்ந்தே ஹமாமில் குளிக்க வழி உண்டா சிஸ்டர்?
– பெயர் வேண்டாம், ஏற்காடு

உண்டு கண்ணு. சுலைமானியா மசூதிக்குப் பக்கத்தில் உள்ள சுலைமானியா ஹமாம் ஜோடிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்றே நடக்கிறது. ஆனால் அங்கே தேய்த்துவிடுபவர் ஆண். மனைவியிடம் முன்பே கேட்டுக்கொள். அவளுக்குச் சங்கடம் என்றால் தனித்தனியாகப் போய்விட்டு வெளிக் கூடத்தில் சேர்ந்து டீ குடியுங்கள். டிசம்பர் பனியில் வளர்ந்த உங்களுக்கு அந்தச் சூடு முதலில் மூச்சு முட்டும். குளிர்ந்த தண்ணீர் ஒரு கிண்ணம் தலையில் ஊற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

*

கட்டணம் எவ்வளவு? டிப்ஸ் கட்டாயமா? டூர் கம்பெனிக்காரர் எல்லாம் சேர்த்துத்தான் என்கிறார்.
– ஒரு வாசகர், சூரமங்கலம்

புகழ்பெற்ற பழைய ஹமாம்களில் கட்டணத்தை யூரோவில்தான் போட்டிருப்பார்கள், நம் கணக்கில் அது கொழுத்த தொகை. தெருவோரத்து ஹமாம்களில் பல மடங்கு குறைவு, சலவைக்கல் கொஞ்சம் உடைந்திருக்கும், தேய்ப்பில் குறை இருக்காது. அங்கே கெசேயும் சோப்பும் நீங்களே வாங்கிப் போவது நல்லது. எங்கே போனாலும் ‘வெறும் நுழைவா, கெசேயும் நுரையும் சேர்த்தா, எண்ணெய் மசாஜும் உண்டா’ என்று முதலிலேயே கேளுங்கள். எண்ணெய் மசாஜ் எனக்குத் தேவைப்படவில்லை. அதற்கு நம் ஊரே போதும்.

டிப்ஸ் சட்டமில்லை, வழக்கம். கட்டணத்தில் பத்து முதல் இருபது சதவீதம் வரை கொடுக்கிறார்கள். டூர்க்காரர் எல்லாம் சேர்ந்தது என்றால் அது ஹமாம் முதலாளிக்குப் போகிற காசு. நாள் முழுக்க அந்தச் சூட்டில் ஈரத்துணியோடு நின்று, பெரிய பெரிய உடம்புகளைப் புரட்டித் தேய்க்கிறவர் கைக்கு வராது. இரவு ஷிஃப்ட் முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவளுக்கு அந்த வேலையின் எடை தெரியும். உள்ளூர்ப் பணமான லிராவில், அவர் கையிலேயே கொடுங்கள். இன்னொன்று: 1730-ல் இஸ்தான்புல்லில் ஒரு கலகம் வெடித்து சுல்தான் மூன்றாம் அகமது பதவி இழந்தார். கலகத்துக்குத் தலைமை தாங்கிய பத்ரோனா ஹலில் ஒரு காலத்தில் ஹமாமில் வேலை பார்த்தவர் என்பார்கள். டிப்ஸைக் குறைக்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

*

குடும்பத்தோடு போகிறோம். மாமியாரும் நானும் ஒரே நேரத்தில் ஒரே ஹமாமில்! என்ன செய்வது?
– ஒரு மருமகள், கன்னங்குறிச்சி

அந்தக் காலத்துத் துருக்கியில் மகனுக்குப் பெண் தேடும் அம்மாக்கள் ஹமாமுக்குத்தான் போவார்களாம். நடை, நிறம், முடி, உடம்பில் ஏதாவது குறை இருக்கிறதா, எல்லாம் அங்கேயே பார்த்துவிடுவார்கள். உங்களுக்குத்தான் கல்யாணமே முடிந்துவிட்டதே, அப்புறம் என்ன பயம்? மேடை பெரியது, பல பேர் படுக்கலாம். நீங்கள் ஒரு பக்கம், அவர் எதிர்ப்பக்கம் படுங்கள். மாமியாருக்கு முதலில் தேய்க்கச் சொல்லிவிடுங்கள். அதில் மரியாதையும் இருக்கும், உங்கள் முறை வரும்போது அவர் வெளிக் கூடத்தில் டவலைச் சுற்றிக்கொண்டு அயர்ந்திருப்பார்.