காற்றுமணியைக் கழற்றுங்கள், பால்கனியைத் திறந்துவிடுங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் திண்ணை வைத்த வீட்டில் வளர்ந்தவள் நான். இப்போது ஓசூரில், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பல நாட்கள் பகலில்தான் உறங்குகிறார். வீட்டுக்குள் மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது. ஃபெங் சுயி என்ற சீன வாஸ்து உதவும் என்று சொன்னார்கள். சிரிக்கும் புத்தர், மூன்று கால் தவளை, காற்றுமணி, மூங்கில் செடி எல்லாம் வாங்கி வைத்தேன். மாற்றம் இல்லை. கட்டிலைத் தெற்கே தலை வைக்கும்படி போடச் சொல்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திண்ணையில் உட்கார்ந்து பழகியவருக்கு மூடிய வீடு எவ்வளவு பாரம் என்பது எனக்குப் புரிகிறது.

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். பொம்மைக்கு இந்தப் பெயரில் இடமே இல்லை. சீனாவில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வரும். அதனால் முதுகுக்குப் பின்னால் மலை, வெயில் படும்படி தெற்கே வாசல் என்று வைத்தார்கள். ஓசூரில் உங்களை வாட்டுவது வடக்குக் குளிர் அல்ல, மேற்கு வெயில். பகலெல்லாம் அதை வாங்கிக்கொள்ளும் கான்கிரீட் சுவர் இரவில்தான் சூட்டைக் கக்கும். ஆகவே திசையை அப்படியே எடுக்காதீர்கள்; திசைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எடுங்கள்.

கட்டில் விஷயத்தில் ஃபெங் சுயி சொல்லும் காரணம் மிக நல்லது. தலைமாட்டில் உறுதியான சுவர் இருக்க வேண்டும். படுத்தபடியே கதவு தெரிய வேண்டும். ஆனால் கால் நேராகக் கதவை நோக்கி நீளக்கூடாது. யார் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் உடல் தளர்ந்து உறங்கும். தெற்குச் சுவரில் தலைமாடு வைத்தும் கதவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மாமியாரின் சொல்லும் நிறைவேறிவிடும். இல்லையென்றால் கிழக்கே வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். வடக்கு மட்டும் ஆகாது என்பதுதானே நம் பெரியவர்களின் கவலை? எப்படி வைத்தாலும் தலைமாட்டுச் சுவர் மேற்கு வெயில் வாங்கும் சுவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு எதிரே பீரோக் கண்ணாடி இருந்தால் ஒரு துணியால் மூடிவிடுங்கள். பகலில் உறங்குகிறவர் முகத்தில் அது வெளிச்சத்தை அடிக்கும்.

காற்றுமணியை இன்றே கழற்றுங்கள். இரவெல்லாம் இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் இன்னொரு மணி வேண்டாம். அந்த மூங்கில் உண்மையில் மூங்கிலே அல்ல, டிரசீனா என்ற செடி. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, இருக்கட்டும். ஆனால் வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றுங்கள். டெங்கு கொசுவுக்கு அவ்வளவு நீர் போதும். புத்தரும் தவளையும் உங்கள் விருப்பம். இனி எதுவும் வாங்க வேண்டாம்.

வாசல் வழியாகத்தான் வீட்டுக்கு உயிர்மூச்சு வருகிறது என்பார்கள் சீனர்கள். நம் வீடுகளில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதும் அந்த இடத்தின் மேல் உள்ள மரியாதைதான். செருப்புக் குவியலையும் காலி தண்ணீர் கேனையும் அங்கிருந்து அகற்றுங்கள்.

கடைசியாகப் பால்கனி. நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாலையில் வரும் காற்றுக்கு விலை கிடையாது. பெட்டிகளை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிட்டு, அங்கே ஒரு கோரைப்பாய் விரியுங்கள். எதிரே உள்ள ஜன்னலையும் திறந்து வைத்தால் காற்று வீட்டின் குறுக்கே ஓடும். அதுதான் உங்கள் திண்ணை. கட்டில் எந்தச் சுவருக்குப் போனது என்று மறக்காமல் எழுதுங்கள்.