லோரியின் மேல் ஏன் இத்தனை கோபம்?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரில் குடியிருக்கிறேன். தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் மேற்பார்வையாளர், வயது 41. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் ஏசினாலும் வாய் திறக்காதவன் நான். ஆனால் காரில் ஏறியதும் வேறு ஆளாகிவிடுகிறேன். ஹார்ன் அடித்து விரட்டுகிறேன், வளைவிலும் முந்துகிறேன். சென்ற வாரம் டியூஷன் முடிந்த மகளை ஏற்றிக்கொண்டு, ஒரு செம்பனை லோரியை ஒட்டியபடி வந்தபோது, பின் இருக்கையிலிருந்து அவள், "அப்பா, நான் கண்ணை மூடிக்கவா?" என்று கேட்டாள். அவளுக்கு 9 வயது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் லோரியைவிட மேலாளர்தான் என் கண்ணில் பட்டார். ஏச்சு வாங்கும் நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, தாடை இறுகுகிறது, உடலில் அட்ரினலின் சுரக்கிறது. நீங்கள் பதிலை விழுங்கிவிட்டதால் அந்தக் கொதிப்பு உடனே அடங்கிவிடுவதில்லை. அதே உடலோடுதான் நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறீர்கள். மேலாளரிடம் காட்ட முடியாததை, முகம் தெரியாத ஒரு லோரிக்காரரிடம் காட்டினால் கேட்பார் யாருமில்லை. தவிர, நாம் முந்தினால் அவசரம், பிறர் முந்தினால் திமிர் என்று நினைப்பது மனித மனத்தின் பழைய வழக்கம். நானும் வங்கியில் கடன் மறுக்கப்பட்ட ஒரு மாலையில் ஒரு மோட்டார்காரரை இரண்டு மைல் தூரம் விரட்டியவன்தான். சிக்னல் போட மறந்ததுதான் அவர் செய்த குற்றம்.

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் விரட்டும் லோரி உங்களைப் போன்றவர்கள் காத்திருக்கும் பழத்தைத்தான் சுமந்து போகிறது. அது திடீரென்று பிரேக் போட்டால், ஒட்டி வரும் உங்கள் கார் அதன் பின்புறத்தில்தான் போய் மோதும்.

கணக்கையும் பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரியை நீங்கள் 90-இல் முந்த, ஏறக்குறைய 8 முதல் 10 விநாடிகள் ஆகும். அதற்குள் நீங்கள் 200 மீட்டருக்குமேல் கடந்திருப்பீர்கள். எதிரே வருபவரும் அவ்வளவு கடந்திருப்பார். அரைக் கிலோமீட்டர் வெறும் சாலை கண்ணுக்குத் தெரியாத வளைவில் இதைச் செய்கிறீர்கள். மிச்சமிருக்கும் 20 கிலோமீட்டரில் இதனால் மிஞ்சுவது அதிகபட்சம் ஏழு நிமிடம்; அடுத்த லோரி வந்தால் அதுவும் இல்லை.

அந்த ஏழு நிமிடத்தை ஆலை வாசலிலேயே செலவழித்துவிடுங்கள் என்பதே என் யோசனை. எஞ்சினை முடுக்காமல், முகம் கழுவி, ஒரு தே தாரிக் குடித்து, நம்பிக்கையான ஒருவரிடம் அன்று நடந்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சாலையில், முன்னே போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். இரண்டு விநாடிக்கு முன் அந்தக் கம்பத்தை நீங்கள் எட்டினால் ஒட்டிப் போகிறீர்கள் என்று பொருள். மழையில் நான்கு விநாடி வேண்டும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டியவர் என்று நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால், ஐந்தாண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் காத்திருக்கின்றன.

மகள் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். கார் நின்றிருக்கும்போது, "அன்றைக்கு அப்பாவுக்கு வேலையிடத்தில் கோபம், லோரிமேல் இல்லை, அப்படி ஓட்டியது தப்பு" என்று அவளிடம் சொல்லுங்கள். 'இனிமேல் அப்பா வேகமாகப் போனால் நீயே சொல்லு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கம்பத்தைப் பார்த்து எண்ணும் வேலை உங்களுடையது. அவள் சன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.