குண்டோவான் பாக்ஸுக்குள் எப்போது வருகிறார்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, மிட்ஃபீல்டில் ஆடுகிறான். ஜெர்மன் கால்பந்து வீரர் இல்காய் குண்டோவான் மாதிரி பின்னாலிருந்து வந்து கோல் போட ஆசை. எவ்வளவு ஓடினாலும் பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி கட்டம்) அவனுக்குப் பந்து வருவதில்லை. எங்கே தப்பு? (வாசகி, மன்னார்குடி)

பதில்: பெரும்பாலும் சீக்கிரமே ஓடிவிடுவதுதான் தப்பு, அம்மா. பந்து வருமுன் கோல் வாசலில் போய் நின்றால் டிஃபென்டர் ஒட்டிக்கொள்வார். நிற்கிறவனை மறிப்பது சுலபம்; வேகமாக வருகிறவனை மறிப்பது கஷ்டம்.

2022 மே 22, ஆஸ்டன் வில்லா ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். 68-வது நிமிடம் குண்டோவான் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்குகிறார். அடுத்த நிமிடமே அவருடைய அணி மான்செஸ்டர் சிட்டி 0-2 என்று பின்தங்குகிறது. 76-ல் ஸ்டெர்லிங் தூக்கிப்போட்ட பந்தைத் தலையால் முட்டி ஒரு கோல். 78-ல் ரோட்ரி ஒரு கோல். 81-ல் டி பிராய்ன தரையோடு அனுப்பியதைத் தட்டிவிட்டு இன்னொன்று. 3-2, ஒரே புள்ளி வித்தியாசத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக் பட்டம். இரண்டு கோலும் தூரத்துக் கம்பத்தருகே (பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறக் கோல் கம்பம்) விழுந்தவை. எல்லார் கண்ணும் பந்துமேல் இருக்கும்போது ஆளில்லாமல் கிடக்கிற இடம் அது.

பயிற்சிக்கு நான்கு பேர் போதும். ஒருவன் வலது ஓரத்தில் பந்தோடு. இரண்டு பேர் கிட்டத்துக் கம்பத்தை நோக்கி ஓடி டிஃபென்டர்களை இழுக்க வேண்டும். உங்கள் பையன் பாக்ஸின் அரைவட்டத்தில் நின்று, ஓரத்தில் இருப்பவன் கடைசியாகப் பந்தைத் தள்ளித் தலை நிமிரும் வரை காத்திருக்கட்டும். அதற்குப் பிறகுதான் தூரத்துக் கம்பத்துக்குப் பாய வேண்டும். வலப்பக்கம் எட்டு முறை, இடப்பக்கம் எட்டு முறை, இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். முதல் வாரம் நடந்தே செய்யட்டும். ஓடும்போது பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வரும் டிஃபென்டர் தெரியாது. இரண்டு முறையாவது தோளுக்குப் பின்னால் பார்க்கப் பழக்குங்கள். காலில் வித்தை இல்லாத பையனுக்கும் இது கைவரும். அதனால்தான் எனக்கு இந்த ஆட்டக்காரரைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பிடிக்கும்.

கேள்வி: அவர் பெயரைச் சிலர் 'குண்டோகன்' என்கிறார்களே? (வாசகர், காரைக்கால்)

பதில்: அவர் பெயரில் (Gündoğan) வரும் ğ எழுத்துக்குத் துருக்கி மொழியில் தனி ஒலி கிடையாது, முன்னால் வரும் உயிரை நீட்டும். ஆகவே 'க' வராது.

கேள்வி: அவர் ஏன் துருக்கிக்கு ஆடவில்லை? (வாசகர், திருவாரூர்)

பதில்: பிறந்து வளர்ந்தது ஜெர்மனியின் கெல்சென்கிர்ஹனில், நிலக்கரி ஊர். 1961-ல் இரு நாடுகளும் செய்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியர் பலர் அந்தப் பகுதிக்கு வேலைக்குப் போனார்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய நம் ஊர்களுக்கு அந்த வாழ்க்கை புரியும். அதே ஊரில் பிறந்த ஓசிலும் ஜெர்மனிக்கே ஆடினார். மான்ஹைமில் பிறந்த சால்ஹனோலு துருக்கியைத் தேர்ந்தார். 2018-ல் துருக்கி அதிபர் எர்தோவானுடன் எடுத்த படத்துக்காக ஓசில், குண்டோவான் இருவருக்கும் ஏச்சு விழுந்தது. ஓசில் அந்த ஜூலையில் ஜெர்மன் அணியிலிருந்து விலகினார். குண்டோவான் நின்றார், 2024 யூரோவில் சொந்த மண்ணில் ஜெர்மனியின் கேப்டன் அவர்தான்.

கேள்வி: சம்பா அறுத்த வயலில் ஆடும்போது முட்டி திரும்பிவிட்டது. ஸ்கேனில் ஏ.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் தசைநார்) அறுந்திருக்கிறது. மறுபடி ஆட முடியுமா? (22 வயது வாசகர், கும்பகோணம்)

பதில்: முடியும் தம்பி, அவசரப்படாவிட்டால். குண்டோவானுக்கு 2016 டிசம்பரில் வாட்ஃபோர்ட் ஆட்டத்தில் முட்டியின் இதே தசைநார் போனது. அந்த சீசனின் மீதி ஆட்டங்கள் எதிலும் ஆடவில்லை; 2017 செப்டம்பரில்தான் திரும்பினார். 2020-21-ல் 13 லீக் கோல், 2023-ல் மூன்று கோப்பை வென்ற அணியின் கேப்டன் எல்லாம் அதற்குப் பிறகு.

எண்ணெய் போட்டு உருவிவிடுவதை நிறுத்துங்கள்; அறுந்த நார் அதனால் சேராது. எலும்பு மருத்துவரைப் பார்த்து அறுவை தேவையா என்று முடிவெடுங்கள். அறுவை என்றால் ஒன்பது மாதத்துக்குமுன் ஆட்டம் வேண்டாம். முன்னதாக இறங்கினால் மறுபடி அறுபடும் ஆபத்து வெகுவாகக் கூடும். மாதக்கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாவி அளந்து பாருங்கள்: நல்ல கால் 150 செ.மீ. தாவினால், அடிபட்ட கால் 135-ஆவது தாவ வேண்டும்.

வயல் விஷயம்: காய்ந்த களி பாளமாக வெடித்திருக்கும். வெடிப்பிலோ அரிதாளிலோ பூட்ஸ் சிக்கி, பாதம் நிற்க உடம்பு திரும்பினால் முட்டிதான் வாங்கும். உளுந்து, பயறு தெளிக்காத தரிசாகப் பார்த்து, அரிதாளைச் செதுக்கி, வெடிப்பில் மண் தூர்த்து, தண்ணீர் தெளித்து மிதித்த பிறகே ஆடுங்கள். பூட்ஸில் நீண்ட ஸ்டட் (அடிப்பாகப் பல்) வேண்டாம். குட்டைப் பல் அடிப்பாகம் போதும்.