மர்ம நபர்கள்

அன்புள்ள ஐயா,

31 வருஷம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்ட்ராங் ரூம் சாவி ஒன்று என்னிடம், இன்னொன்று மேனேஜரிடம். இரண்டும் சேராமல் கதவு திறக்காது. அப்படிக் காவல் காத்தவன், பேத்தியோடு உட்கார்ந்து ‘ஓஷன்ஸ் லெவன்’ பார்க்கும்போது திருடர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதறுகிறேன். இது என்ன புத்தி?

கே.எஸ்., கும்பகோணம்

அன்புள்ள கே.எஸ்.,

இரண்டு சாவி சேர்ந்தால்தான் கதவு திறக்கும் என்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. 2001இல் சோடர்பெர்க் எடுத்த அந்தப் படத்தில் சாவிகள் பதினொன்று. ஒருவன் வித்தைக்காரன், ஒருவன் ஜேப்படி, ஒருவன் வெடி வைப்பவன். ஆளுக்கொரு வேலை, கல்யாண வீட்டில் சமையல் கோஷ்டி வேலை செய்வதைத் திண்ணையிலிருந்து பார்ப்பதுபோல. பிராட் பிட் படம் நெடுக எதையாவது தின்றுகொண்டே இருப்பார். தலைக்கு மேல் கத்தி தொங்குகிறவனுக்குத் தொண்டையில் தீனி இறங்குமா? அந்த அலட்டல் இல்லாமைதான் நம்மை இழுக்கிறது. அம்மாவுக்கு ஆபரேஷன், தங்கைக்குக் கல்யாணம் என்று திருடனுக்கு நியாயம் தேட ஆரம்பித்தால் எனக்கு அலுத்துவிடும்.

சூதாட்ட விடுதியின் பாதாள அறையைப் போலவே ஒன்றைக் கட்டி ஒத்திகை பார்க்கிறார்கள் அல்லவா? நாமும் ஒத்திகை என்றே நம்பினோம். கடைசியில், முதலாளி திரையில் பார்த்துப் பதறிய கொள்ளையே அந்தப் போலி அறையில் எடுத்த படம்தான். அவர் அழைத்ததாக நினைத்த அதிரடிப் போலீசும் இவர்களே. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகவே போய்விட்டார்கள். அவரோடு சேர்ந்து நாமும் ஏமாந்தோம், ஆனால் நமக்குச் சிரிப்புதான் வந்தது. போனது சூதாட்டப் பணம். உங்கள் கிளையில் யாரோ அடகு வைத்த தாலிச்செயின் என்றால் பாதியில் எழுந்திருப்பீர்கள்.

இப்படிச் சொல்லிவிட்டு, அடகுக்கடையைக் குறிவைக்கும் படத்தையே எனக்குப் பிடித்தது என்று சொல்லப்போகிறேன். மோனிச்செல்லி இயக்கிய ‘இ சொலிட்டி இக்னோட்டி’, இத்தாலி, 1958. ‘வழக்கமான அந்த அடையாளம் தெரியாதவர்கள்’ என்று பொருள். நம் பத்திரிகைகளின் ‘மர்ம நபர்கள்’தான். மனைவி ஜெயிலில் இருப்பதால் நடிகர் மாஸ்ட்ரொயானி கைக்குழந்தையோடு திட்டம் போடுகிறார். இன்னொரு நடிகர் டோட்டோ மொட்டை மாடியில் இரும்புப் பெட்டி உடைக்க வகுப்பெடுக்கிறார். இதுகள் தேறாது என்று சீக்கிரமே தெரிந்துவிடுவதால் கோபம் வருவதில்லை.

அடகுக்கடைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் புகுந்து ராவோடு ராவாகச் சுவரை இடிக்கிறார்கள். கல் பெயர்ந்து, தூசி அடங்கி, எட்டிப் பார்த்தால் அதே வீட்டு அடுக்களை! இடித்தது தப்பான சுவர். அங்கே கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா இருக்கிறது. என்ன செய்வார்கள்? உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவரையொருவர் குறை சொல்லக்கூட மறந்து, இன்னும் கொஞ்சம் போடு என்கிற தினுசில்.

பேத்தியோடு பாருங்கள். சப்டைட்டில் வேகமாக ஓடும், அவளை வாசிக்கச் சொல்லிவிடுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் காட்சி வரும்போது பசிக்கும்.